புதுப்பனிக்குப் பின் மலைவழிப் பயணம்

இமயமலையின் மேற்குப் பகுதியில் பனிப்புயல் ஓய்ந்த மறுநாட் காலையைப்போல் மனத்தைக் கவரும் காலை வேறில்லை. மூன்று நாட்களாக மூடிக் கிடந்த வானம் நீலமாய்த் தெளிந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும், மலைகள் எல்லாம் வெள்ளை வேட்டி விரித்தாற்போல் மாசற்றுத் தோன்றும். அறுந்த மின்கம்பியைச் சரிசெய்யும் ஊழியர், பனி அளவுகோலைப் பார்த்துக் குறிக்கவேண்டிய நோக்கர், அடுத்த கிராமத்துப் பள்ளிக்குத் திரும்பவேண்டிய ஆசிரியர், பனிச்சறுக்கு ஆட வந்த பயணி ஆகிய எல்லோருக்கும் புறப்படுவதற்கு அதுவே தகுந்த நாளாகத் தோன்றும். ஆனால், குளிர்காலம் முழுவதிலும் ஒரு மனிதரின் காலடியே மலைச்சாய்வு ஒன்றின் பனி முழுவதையும் பெயர்த்துவிடக்கூடிய நாள் பெரும்பாலும் அதுதான். புயலின்போது தானாக விழாமல் தங்கிவிட்ட பனி, விழுவதற்கு வேண்டிய சிறு தூண்டுதல் ஒன்றுமட்டும் குறைவாக அங்கே நிற்கின்றது.

தமிழில் ‘பனி’ என்னும் சொல் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிக்கும், இமயத்தில் ஆள் உயரத்துக்குப் படியும் வெண்பனிக்கும் பொதுவாக வழங்குகிறது. அதனாலோ என்னவோ, சமவெளியிலிருந்து மலைப்பணிக்குச் செல்வோர் பலர் வெண்பனியை எங்கும் ஒரே தன்மையுள்ள பொருளாக எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அது அடுக்கடுக்காக அமைந்தது. டிசம்பர் முதல் மார்ச்சு வரை மேற்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும் காற்றுக் கலக்கங்கள் ஒவ்வொன்றும் ஓர் அடுக்கை இட்டுச் செல்கின்றன. இரண்டு புயல்களுக்கு இடையே வெயிலும் குளிரும் காற்றும் அந்த அடுக்கின் முகத்தை மாற்றிவிடுகின்றன. அடுத்த அடுக்கு அந்த மாறிய முகத்தின்மேல்தான் அமர வேண்டும். அது நன்கு பற்றிக்கொண்டதா என்பதே மலைவழிப் பயணத்தின் முதற் கேள்வி.

காற்றின்றிப் பெய்த உலர்ந்த புதுப்பனி மிகவும் இலேசானது. ஒரு கன மீட்டர் புதுப்பனியின் எடை 50 முதல் 100 கிலோகிராம் வரையே இருக்கும். அதே அளவு நீர் 1,000 கிலோகிராம் எடையுள்ளது. ஆயினும் 60 செ.மீ. ஆழத்துக்குப் பெய்தால் ஒவ்வொரு சதுர மீட்டரின்மேலும் 60 கிலோகிராம் வரை புதிய பாரம் ஏறுகிறது. பாரம் ஏறும் அளவைவிட ஏறும் வேகம் முக்கியமானது. ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகப் பெய்யும் பனிக்குத் தன்னுள் இறுகிக்கொள்ள அவகாசம் உண்டு. மணிக்கு 2 அல்லது 3 செ.மீ. வீதம் இரவு முழுதும் பெய்யும் பனிக்கு அந்த அவகாசம் இல்லை. ஒரு நாளில் 30 செ.மீ.க்கு மேல் பெய்த செய்தியை அளவுகோலில் கண்டவுடன், அதைப் பதிவேட்டில் எழுதும் பணியோடு நிறுத்திக்கொள்ளாமல், சுற்றியுள்ளோருக்கும் அறிவிப்பது நோக்கரின் கடமையாகும்.

காற்று இதைவிடப் பொல்லாதது. மலைமுகட்டின் ஒரு புறத்துப் பனியை வாரி மறுபுறத்தில் கொட்டுவதால், புயல் தந்ததைப்போல் சில மடங்கு பனியைச் சில மணி நேரத்தில் அது ஒரே சாய்வில் குவித்துவிடும். காற்றில் உருண்டு உடைந்த படிகங்கள் நெருக்கமாகப் படிந்து பலகைபோல் இறுகுவதால், கால் புதையாத அந்த இடம் உறுதியானது என்றே நடப்பவருக்குத் தோன்றும்.

உதிரியும் பாளமும்

பனிச்சரிவு இரண்டு விதமாகத் தொடங்குகிறது. பற்றற்ற மேற்பனி ஒரு புள்ளியில் உதிர்ந்து, விசிறிபோல் விரிந்து இறங்குவது ஒரு வகை. இது கண்ணுக்குத் தெரியும், புயலுக்குப் பின் செங்குத்தான பாறைகளினடியில் அடிக்கடி காணப்படும், பெரும்பாலும் சிறியது. உயிர்களைப் பறிப்பது மற்றொரு வகையான பாளச் சரிவு. இறுகிய மேலடுக்கு ஒரே பாளமாக, வளைந்த வெடிப்புக்கோடு ஒன்றினால் மேலே அறுபட்டு, மொத்தமாக நழுவும். 50 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் அரை மீட்டர் தடிப்பும் உள்ள பாளம் ஒன்றின் எடை, கன மீட்டருக்கு 200 கிலோகிராம் என்று கணக்கிட்டால், 200 டன் ஆகும். மலையளவில் இது சிறிய சரிவே.

பாளம் நழுவக் காரணம் அதன் அடியிலுள்ள நலிந்த அடுக்கு. தெளிந்த குளிரிரவுகளில் பனியின் முகத்தில் இறகுபோன்ற மெல்லிய படிகங்கள் முளைக்கின்றன. காலை வெயிலில் மின்னும் இவை பார்க்க அழகானவை. அவற்றின்மேல் புதுப்பனி விழுந்தால், சீட்டுக்கட்டை நிறுத்தி அதன்மேல் பலகை வைத்தது போலாகிறது. இன்னொரு நலிந்த அடுக்கு நிலத்தை ஒட்டி உண்டாவது. பனிப்போர்வையின் அடியில் நிலம் ஏறத்தாழ 0 பாகையில் இருக்க, மேலே காற்று அதைவிடப் பன்மடங்கு குளிர்ந்திருக்கும். போர்வை மெலிதாயின் அந்தச் சிறு தடிப்புக்குள் வெப்பநிலை விரைந்து மாறுவதால், அடியிலுள்ள பனி ஆவியாகி மேலெழுந்து, மூலைகள் கொண்ட பெரிய படிகங்களாக மீண்டும் உறைகின்றது. கையில் எடுத்தால் சர்க்கரைபோல் உதிரும் இந்தப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதேயில்லை. ஆகவே, குறைவாகப் பனி பெய்த ஆண்டு பாதுகாப்பான ஆண்டு என்னும் எண்ணம் தவறானது.

ஆசிரியர்கள் இதை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். ஒரு பலகையின்மேல் கோதுமை மாவைப் பரப்பி அழுத்த வேண்டும். அதன்மேல் சர்க்கரையைத் தூவி, மீண்டும் மாவைத் தடிப்பாகப் பரப்பி உள்ளங்கையால் மெல்லத் தட்டவேண்டும். பின்னர்ப் பலகையின் ஒரு முனையைச் சிறிது சிறிதாக உயர்த்தினால், ஒரு கட்டம் வரை ஒன்றும் நிகழாது. பிறகு மேல்மாவு வெடித்து, பாளமாக நழுவும். சர்க்கரையை மட்டும் பலகையில் கொட்டி உயர்த்தினால் அது மணிமணியாக உதிரும். இரண்டையும் அடுத்தடுத்துக் கண்ட மாணவனுக்கு விளக்கம் அதிகம் வேண்டுவதில்லை.

பலகையை எவ்வளவு உயர்த்தியபோது மாவு நழுவியது என்று அளக்கச் சொல்வதும் பயனுள்ளது. மலையில் பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களிலேயே தொடங்குகின்றன. 38 பாகையை ஒட்டிய சாய்வு மிக அபாயமானது. 25 பாகைக்குக் கீழ் அவை தொடங்குவது அரிது. 55 பாகைக்கு மேல் பனி தங்குவதற்கே இடமில்லாமல் பெய்யப் பெய்ய உதிர்ந்துவிடும். மேலிருந்து நோக்கினால் அச்சமூட்டும் செங்குத்தைவிட, ஏறக்குறைய வீட்டு மாடிப்படியின் சாய்வுள்ள திறந்த மலைப்புறமே உயிருக்கு உலை வைப்பதாயிருப்பது வியப்புக்குரியது. பள்ளிப் பாகைமானியின் நடுப்புள்ளியில் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நேர்விளிம்பை மேலாகப் பிடித்து, தொலைவிலிருந்தே அவ்விளிம்பின் வழியாகச் சாய்வின் ஓரக்கோட்டைப் பார்க்கலாம். நூல் 90 பாகைக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியுள்ளதோ அதுவே சாய்வுக் கோணம். கண்மதிப்பு இங்கே பெரிதும் ஏமாற்றும்.

புயலின்போதும் பின்பும்

புயல் நடக்கும்போது விழும் சரிவுகள் ஊர்களையும் முகாம்களையும் தாக்குகின்றன. 1979ஆம் ஆண்டு மார்ச்சில் லாஹூல் பள்ளத்தாக்கில் இடைவிடாது பெய்த பனியைத் தொடர்ந்து வந்த சரிவுகளில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2005 பிப்ரவரியில் பீர் பஞ்சால் மலைத்தொடரின் காஷ்மீர்ப் பக்கத்தில் வால்டெங்கோ நார் என்னும் சிற்றூர் புதையுண்டு 150க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 பிப்ரவரி 28 அன்று விடியலில், பத்ரிநாத்தை அடுத்த மாணாவில் எல்லைச் சாலைப் பணியாளர் முகாம் ஒன்றின்மேல் சரிவு இறங்கியது. அதில் சிக்கிய 54 பேரில் 46 பேர் மீட்கப்பட்டனர்; 8 பேர் இறந்தனர். முகாமின் இரும்புப் பெட்டக அறைகள் நசுங்காமல் பலருக்கு மூச்சுவிட இடந்தந்தன. அந்த மாவட்டத்தின் உயர்ந்த பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை முந்தைய நாளே வெளியிடப்பட்டிருந்தது. மாணா ஊரார் குளிர்காலத்தில் கீழூர்களுக்கு இறங்கிவிடுவது நெடுநாளைய வழக்கம் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

புயலுக்குப் பின் நிகழ்பவை வேறு தன்மையன. உயிர்ச்சேதம் நேர்ந்த பயணச் சரிவுகளுள் 100க்கு ஏறத்தாழ 90, அதில் சிக்கியவராலோ அவருடன் சென்றவராலோ தூண்டப்பட்டவை என்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் திரட்டிய கணக்குகள் காட்டுகின்றன. காஷ்மீரத்தின் குல்மர்க்கில், கம்பிவடத் தொட்டி ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம்வரை ஆட்களை ஏற்றிச் செல்கிறது. மேலே இறங்கியவர் வேலியிட்ட தடத்தைவிட்டுச் சில அடிகள் விலகினால், காவலற்ற மலைப்புறத்தில் நிற்பார். 2023 பிப்ரவரி 1 அன்று அங்குள்ள அபர்வத் மலையில் போலந்து நாட்டுப் பனிச்சறுக்காளர் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்ய நாட்டவர் ஒருவரும் சரிவில் மாண்டனர். இரண்டு நிகழ்ச்சிகளும் கடும்பனி பெய்த சில நாட்களுக்குள் நேர்ந்தவை. 2024இல் சென்ற குழுவினர் உள்ளூர் வழிகாட்டி எவரையும் உடன் அழைத்துச் செல்லவில்லை.

சாய்வின்மேல் ஏறாமல் அதன் அடியில் நிற்போரும் தப்புவதில்லை. சிக்கிமில் 2023 ஏப்ரல் 4 அன்று நாதூ லா கணவாய்க்குச் செல்லும் சாலையோரத்தில் பனியைக் காண நின்ற சுற்றுலாப் பயணிகளில் 7 பேர் இறந்தனர். அனுமதிச் சீட்டு 13ஆம் மைல் வரைக்குமே வழங்கப்பட்டிருந்தும், பயணிகள் அதற்கப்பாலும் சென்றிருந்தனர். நலிந்த அடுக்கில் தோன்றும் வெடிப்பு பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் ஓடவல்லது. ஆகையால் சமதளத்தில் நடப்பவரின் பாரம்கூடத் தலைக்கு மேலுள்ள சாய்வை அவிழ்த்துவிடலாம்.

எத்தனை நாள் காத்திருப்பது என்பதே பணியாளர் எல்லோரும் கேட்கும் கேள்வி. பனி நின்றபின் முதல் 24 மணி முதல் 48 மணி நேரம் வரை செங்குத்தான திறந்த சாய்வுகளை முற்றிலும் விலக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஆனால் இந்த விதி எங்கும் ஒரே அளவாகச் செல்லாது. பீர் பஞ்சால் பகுதியில் குளிர் அவ்வளவு கடுமையன்று. பனி மிகுதியாகப் பெய்து விரைவில் இறுகும். சரிவுகள் பெரும்பாலும் புயலின்போதும் அதை அடுத்தும் விழுந்து தீர்ந்துவிடும். காரகோரத்தில் பனி குறைவு, குளிர் மிகுதி; சர்க்கரைப் படிக அடுக்கு வாரக்கணக்கில் ஆறாத புண்போல் அடியில் கிடக்கும். ஒரே மலையில்கூடத் தெற்கு நோக்கிய சாய்வு வெயிலில் விரைந்து இறுக, வடக்கு நோக்கிய சாய்வு நெடுநாள் அபாயமாகவே இருக்கும். ஆனால் தெற்குச் சாய்வு, தெளிந்த முதல் நாளின் நண்பகலில் வெயில் பட்டுத் தளரும்போது, வடக்கைவிட முந்திக்கொள்ளும். மார்ச்சு மாதத்தில் விடியுமுன் புறப்பட்டு முற்பகலுக்குள் கடந்துவிடுவது மலைவாசிகளின் வழக்கம்.

மலை தரும் அறிகுறிகள்

பனிச்சரிவு முன்னறிவிப்புக்கென 1969இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. அது 2020இல் மற்றோர் ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டு, பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிலையமாகச் சண்டிகரில் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளைப் பார்க்காமல் புறப்படுவது கூடாது. எனினும் அறிவிப்பு ஒரு மாவட்டத்துக்கு உரியது. கடக்கப்போகும் ஓடை ஒன்றைப் பற்றி அது கூறாது. அதை அங்கேயே காண வேண்டும்.

எல்லாவற்றிலும் தெளிவான அறிகுறி, அண்டையில் அன்றோ முந்தைய நாளோ விழுந்த சரிவு. அதே திசையை நோக்கிய, அதே சாய்வுள்ள மற்றோரிடம் விழாமல் இருப்பது தற்செயலே. அடுத்தது ஒலி. நடக்கும்போது காலடியில் ‘உம்’ என்று அமுங்கிய முழக்கம் கேட்டால், நலிந்த அடுக்கு நொறுங்கி மேலடுக்கு இறங்கிவிட்டது என்பது பொருள். காலடியிலிருந்து பனியில் வெடிப்புக்கோடு பாய்ந்தோடுவதும் அதையே சொல்லும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். இன்னும் சிறிது தூரம் பார்க்கலாம் என்று எண்ணுவதற்கு அங்கே இடமில்லை.

காட்டிடையே மரமற்ற நேரான பட்டை மேலிருந்து கீழ்வரை இறங்கினால் அது சரிவின் பழைய பாதை. மேல்நோக்கிய பக்கத்தில் கிளைகள் முறிந்த மரங்களும், ஒரே வயதுடைய இளமரங்களும் அதை உறுதிப்படுத்தும். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் எந்த நாலா எந்த ஆண்டு இறங்கியது என்று கூறுவர். அவர்கள் அபாயம் என்று சொல்லும் இடத்தை ஐயமின்றி ஏற்க வேண்டும். இங்கே ஒருபோதும் விழுந்ததில்லை என்று சொல்லும்போதுமட்டும் சற்று நிதானிக்கலாம்; நூறாண்டில் ஒருமுறை இறங்கும் சரிவு ஒருவர் வாழ்நாளில் வராமலே போகக்கூடும்.

பயிற்சி உள்ளோர், செல்லவிருக்கும் சாய்வை ஒத்த பாதுகாப்பான சிறு சாய்வில் குழிதோண்டி அடுக்குகளைச் சோதிப்பர். 30 செ.மீ. சதுரமுள்ள பனித்தூண் ஒன்றைத் தனியே அறுத்து நிறுத்தி, அதன் தலையில் மண்வாரியை வைத்து, முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டும், பின் முழங்கையிலிருந்து பத்தும், தோளிலிருந்து பத்தும் தட்டுவது முறை. சில தட்டுகளிலேயே தூண் ஓர் அடுக்கில் வழுக்கி நழுவினால் மேலே செல்லலாகாது. நழுவாவிட்டால் செல்லலாம் என்று பொருளன்று. பத்து மீட்டருக்கு அப்பால் அடுக்கு வேறாக இருக்கக்கூடும்.

செல்லத்தான் வேண்டும் என்றால் வழியே முதற் காப்பு. காற்றால் துடைக்கப்பட்ட முகடு, அடர்ந்த காடு, 25 பாகைக்குக் குறைந்த அகன்ற தளம் ஆகியவற்றைச் சுற்றுவழியாயினும் தேர்ந்துகொள்ள வேண்டும். முகட்டின் விளிம்பில் காற்று கட்டிய பனித் தாழ்வாரம் வெறும் வெளியின்மேல் நீண்டிருக்கும், அதன்மேல் நடக்கலாகாது. சாய்வைக் கடக்க நேர்ந்தால் ஒருவர்பின் ஒருவராக, முன்னவர் பாதுகாப்பான இடத்தை அடைந்தபின் அடுத்தவர் என்ற முறையில் கடக்க வேண்டும். மற்றவர்கள் அவரையே கண்ணெடுக்காமல் பார்த்திருக்க வேண்டும். கீழே குறுகிய ஓடையோ பள்ளமோ இருந்தால் சிறு சரிவும் ஆழமாகப் புதைத்துவிடும். பள்ளிக் குழந்தைகளை இத்தகைய பாதையில் அழைத்துச் செல்வதைவிடப் பள்ளியை இரண்டு நாள் மூடிவைப்பது மேல்.

புதையுண்டவரைத் தேடல்

சரிந்து நின்ற பனி சில நொடிகளில் சுண்ணச்சாந்துபோல் இறுகிவிடுகிறது. அதனுள் இருப்பவர் விரலைக்கூட அசைக்க இயலாது. ஆகவே அடித்துச் செல்லப்படும்போதே கைத்தடியையும் சறுக்குக் கட்டையையும் உதறிவிட்டு, மேற்பரப்பில் நிற்கவும் ஓரத்துக்கு ஒதுங்கவும் முயலவேண்டும்; வேகம் குறையும்போது முகத்தின் முன் கைகளைக் குவித்து மூச்சுக்கு இடம் செய்துகொள்ள வேண்டும். இறப்போரில் பெரும்பாலோர் மூச்சுத் திணறியே இறக்கின்றனர். சுவிட்சர்லாந்துப் பதிவுகளைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வின்படி, முற்றிலும் புதைந்தவர் 10 நிமிடத்துக்குள் மீட்கப்பட்டால் 100க்கு 90 பேருக்கு மேல் பிழைக்கின்றனர். 30 நிமிடமாயின் ஏறத்தாழ 30 பேரே பிழைக்கின்றனர்.

அடுத்த ஊரிலிருந்து உதவி வருவதற்குள் இந்த அரைமணி கழிந்துவிடும் என்பது வெளிப்படை. உடனிருப்போரே மீட்பர். ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் இடங்காட்டும் கருவியும், மடக்கும் துழாவுகோலும், உலோக மண்வாரியும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிடினும் மற்ற இரண்டின் பயன் பெரிதும் குன்றும். சிக்கியவர் கடைசியாகக் கண்ணிற்பட்ட இடத்தில் அடையாளம் நட்டு, மேலும் சரிவு வருமா என்று ஒருவர் காவல் நிற்க, அங்கிருந்து கீழ்நோக்கித் தேட வேண்டும். பனியின்மேல் கையுறை, தொப்பி, பை எது தெரிந்தாலும் அதனடியைத் துழாவ வேண்டும். கோல் தட்டிய இடத்துக்கு நேர்மேலே தோண்டாமல் சற்றுக் கீழ்ப்புறத்திலிருந்து உள்நோக்கித் தோண்டினால் புதைந்தவரின் மூச்சிடம் நசுங்காது. பனியையும் எளிதில் வாரிவிடலாம். முகம் தெரிந்தவுடன் வாயையும் மூக்கையும் அடைத்த பனியை நீக்குவதே முதற் பணி. உடல் முழுவதையும் வெளியே எடுக்கும்வரை அதற்குக் காத்திருக்கலாகாது. வெளியே எடுத்தவரைக் குலுக்காமல், படுக்கவைத்தே, உலர்ந்த போர்வையால் மூடி எடுத்துச் செல்ல வேண்டும்; குளிர்ந்த உடலைத் திடீரென அசைப்பது இதயத்துக்கு ஆபத்து.

அரைமணி கடந்தபின்னும் தேடலை நிறுத்துவதில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த காவல் நிலையின்மேல் பனிக்கட்டிச் சுவர் இடிந்து வீழ்ந்து, மதராஸ் ரெஜிமென்டின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த 10 வீரர்களைப் புதைத்தது. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டினர். மீட்புப் படையினர் பனிக்கட்டியை அறுத்து, மோப்ப நாய்களின் உதவியுடன் இரவும் பகலும் தேடினர். ஆறாம் நாள், 25 அடிக்கு மேற்பட்ட ஆழத்தில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் கண்டெடுக்கப்பட்டார். மற்ற ஒன்பதின்மரும் இறந்திருந்தனர். டில்லி ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் பிப்ரவரி 11 அன்று காலமானார்.